ஒத்திவைக்கலாம், ஒதுக்கிவைக்கலாமா?

சூலக்கரை! விருதுநகரை அடுத்த இவ்வூரின் பெயரைச் சொல்லும்போதே ‘சூல்’ என்னும் ஒலி செவியில் விழுகிறது. பெயர்க் காரணம் எதுவாயினும் ஆகுக. அந்த வட்டாரத்திலே பட்டாசு ஆலைக்குச் சென்று திரும்பும் தோழியர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள், கலந்த மருந்தை அப்படியே போட்டுவிட்டு வீடு திரும்பலாமா என்று. ஆகாது என்பார். கந்தகம் கற்பித்த பாடம் அது. கதவை அடைக்கும் உரிமை பெற்றவனுக்கு, கதவுக்கு உள்ளே இருப்பதைக் காக்கும் கடமையும் உண்டு!

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இந்தப் பாடம் வேறோர் இடத்திலே தேவைப்பட்டது. கொரோனா பரவிற்று. மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. பேருந்து நின்றது, பட்டாசு ஆலை நின்றது, கூலி நின்றது. கருத்தரிப்பு ஆய்வகங்களும் கதவடைத்தன. புதிய சிகிச்சைகளைத் தொடங்க வேண்டாம் என அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் மார்ச் 17 அன்றே அறிவுரைத்தது. ஐரோப்பியச் சங்கமும் அவ்வாறே கூறிற்று. அந்நோய் கருவை என்ன செய்யும் என்பது அன்று தெளிவாகவில்லை. மருத்துவரும் கவச உடையும் மூச்சுக்குப் போராடுவோர்க்குத் தேவைப்பட்டனர்.

முறையான முடிவா? ஐயமின்றி! இருக்கும் உயிர் துடிக்கும்போது, வரவிருக்கும் உயிர் காத்திருக்கத்தான் வேண்டும்.

ஆனால், “பிள்ளைப்பேறு என்ன, இன்றியமையாததா? ஆடம்பரந்தானே!” என்று கூறுவோர் உளர். நம் இளைஞரிலும் சிலர், “பெண் என்ன பிள்ளை பெறும் பொறியா? பகுத்தறிவாளன் இதற்கு வாதாடலாமா?” என்பர்.

வாதாடலாம், தோழர்களே! கர்ப்பத்தடைக்கு மற்றவர்கள் உடல்நலத்தையும் நாட்டின் பொருள்நிலையையும் காரணம் காட்டியபோது, பெரியார் பெண்ணின் விடுதலையைக் காரணம் காட்டினார். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவளுடையது எனில், வேண்டும் என்று சொல்லும் உரிமை மட்டும் வேறு யாருடையது?

நேற்றுவரை அவளை ‘மலடி’ என்று ஏசிற்றே இச்சமுதாயம்! வளைகாப்புக்கு அழைக்காமல் ஒதுக்கிற்றே! அரசமரத்தைச் சுற்றச் சொன்னதே! பிள்ளையற்ற இணையரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் குறைக்கும் பங்குண்டு என மருத்துவம் கூறியும், பழி முழுவதையும் அவள் தலையிலே சுமத்திற்றே! அத்தனையும் செய்துவிட்டு, அவள் மருத்துவமனை வாயிலை அடைந்ததும், ‘இது அவசியமற்றது’ என்று சொன்னால், அது அறமா?

காத்திருத்தல் எல்லார்க்கும் ஒன்றன்று. முப்பத்தைந்து வயதைக் கடந்தவளின் கருமுட்டைகள் ஊரடங்கு தளரும்வரை பொறுத்திருப்பதில்லை. செல்வர்க்கு ஆறு திங்கள், ஆறு திங்களே! மதுரை மருத்துவமனைக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்ததை, கூலியற்ற நாட்களில் அரிசிக்குச் செலவிட்ட தொழிலாளிக்கோ, ஒத்திவைப்பு என்பது மறுப்பின் மறுபெயர்! 2024இல் சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் செயற்கைக் கருத்தரிப்பு மையம் திறக்கப்பட்டது. நல்ல தொடக்கம், ஆயினும் சூலக்கரையிலிருந்து எழும்பூர் எத்தனை தொலைவு!

ஆய்வகத்தின் உள்ளே நோக்குவோம். உறைந்த கருக்கள் சுழியத்துக்குக் கீழே 196 பாகை குளிரில், திரவ நைட்ரஜனில் கிடக்கின்றன. அத்திரவம் நாள்தோறும் ஆவியாகிக் குறையும். அளந்து பார்த்து நிரப்ப ஆள் வேண்டும். ஊரடங்கு என்று அதற்குத் தெரியுமா? 2021இல் இரண்டாம் அலை எழுந்தபோது, உயிர்வளி கொண்டுசெல்ல நைட்ரஜன் ஊர்திகளும் மாற்றியமைக்கப்பட்டன. ஒரே காற்றிலிருந்து பிரியும் இரு வளிகள்! உயிர்வளிக்கே முதலிடம், அதிலே இரு கருத்தில்லை. ஆனால், ஒப்படைக்கப்பட்ட கருக்களுக்குரிய இருப்பை முன்னரே சேர்த்து வைக்காதவன், நெருக்கடியைக் காட்டித் தப்ப முடியாது.

எனவே, ஆய்வகம் நடத்துவோர்க்கு அறம் இதுதான்: தொடங்கிய சிகிச்சையை நடுவழியில் கைவிடாதே. புற்றுநோய் மருந்து ஏற்குமுன் கருமுட்டையைச் சேமிக்க வருபவளைத் திருப்பி அனுப்பாதே. காத்திருப்போரிடம் காரணத்தைச் சொல். மீண்டும் திறந்ததும், பணம் படைத்தவரை அல்ல, காலம் குறைந்தவரை முதலில் அழை. காவலிருக்கும் ஊழியனின் உயிரையும் கருவைப் போலவே காத்திடு.

பெருந்தொற்று மீண்டும் வரலாம். அன்றும் கதவுகள் அடைபடலாம். அடைக்கட்டும்! ஆனால், வெளியே நிற்பவளை நோக்கி, ‘பொறு’ என்று சொல்லும் வாய், ‘போ’ என்று சொல்லாதிருக்கட்டும்.