குல்தாராவின் கூரையற்ற வீடுகள்

ராஜஸ்தானத்தில், ஜெய்சல்மேரிலிருந்து ஏறக்குறைய 18 கிலோமீட்டர் தொலைவில், தார் பாலைவனத்தில் குல்தாரா என்னும் ஊர் பாழடைந்து கிடக்கிறது. மஞ்சள் நிறக் கற்சுவர்கள், நேரான தெருக்கள், ஒரு கோயில். பெரும்பாலான வீடுகளுக்குக் கூரை இல்லை. புகைப்படக் கருவியுடன் வருவோர் அநேகர். மாலை வெயிலில் அச்சுவர்கள் அழகாகவே இருக்கின்றன. பிறர் இழந்துபோன இல்லத்தில் அழகை ரசிப்பது தகுமா?

அங்கு வாழ்ந்தவர்கள் பாலிவால் பிராமணர்கள். திவான் சாலிம் சிங்கின் கொடுமைக்கு அஞ்சி, ஊரைச் சபித்துவிட்டு, ஒரே இரவில் வெளியேறினார்கள் என்பது செவிவழிக் கதை. கிணறுகள் வற்றியதும் வரிச்சுமையும் காரணம் என்பாரும், நிலநடுக்கம் என்பாரும் உண்டு. ஆயினும் வருவோர் கேட்க விரும்புவது சாபத்தையும் பேயையும்தான். கிணறு வற்றி ஒவ்வொரு குடும்பமாகப் பெயர்ந்து போவதில் என்ன சுவாரசியம் இருக்கிறது?

சிந்தனையாளர் ஒருவர் வந்தால் படம் எடுக்கமாட்டார். 'எல்லாம் அநித்தியம்' என்று பெருமூச்சு விடுவார். கருத்து உண்மையே. ஆனால் நம் பெரியோர் மயான வைராக்கியம் என்று கூறியது இதைத்தான். வண்டியில் ஏறும்வரைகூட அது நிலைப்பதில்லை. படம் எடுப்பவராவது சுவரை உற்றுப் பார்த்தார். இவர் அதையும் பார்க்கவில்லை, தமக்கு வேண்டிய போதனையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். ஆகவே குற்றம் கருவியில் இல்லை. வாழ்ந்தவர்களை, அவர்கள் போன விதத்தைக்கொண்டு மட்டுமே அறிவதில்தான் அநீதி இருக்கிறது.

அவர்கள் எவ்வாறு வாழ்ந்தார்கள்? ஆண்டுக்கு 20 சென்டிமீட்டர் மழைகூட நிச்சயமில்லாத நிலம் அது. பாறை மேடுகளில் விழும் மழைநீர் வழிந்தோடும் தாழ்நிலத்தின் குறுக்கே அவர்கள் நீண்ட மண்கரை எழுப்பினார்கள். அதற்குக் காதீன் என்று பெயர். தேங்கிய நீரை மண் உறிஞ்சிக்கொள்ளும். நீர் வடிந்தபின் அந்த ஈரத்தை நம்பியே குளிர்காலத்தில் கோதுமையும் கடலையும் விதைப்பார்கள். பாலைவனத்தில் கோதுமை! கரை உடைந்தால் ஒருவரால் அடைக்க இயலாது. அக்கம்பக்கத்தார் அனைவரும் மண் சுமக்க வேண்டும். ஓடும் நீரை எங்கே நிறுத்துவது என்பதைப் பல தலைமுறைகள் பார்த்துப் பார்த்துத்தான் கற்றிருக்க வேண்டும்.

ஜெய்சல்மேர்ப் பகுதியில் காதீன்களில் இன்றும் பயிர் செய்கிறார்கள். மழை பெய்த ஆண்டில் கரைக்குள் நீர் நிற்கிறது. படம் எடுக்க அங்கே வண்டியை நிறுத்துவோர் மிகச் சிலரே.