பதினொருவர்

பெரிய புதன் மாலை. கிராண்ட்பாஸ் வீதியில் லொறிகளின் இரைச்சல் இன்னும் அடங்கவில்லை. சூசையப்பர் கோயிலில் அன்று வாசித்த நற்செய்தி, யூதாஸ் தலைமைக் குருக்களிடம் போய் விலை பேசிய பகுதி. பூசை முடிந்ததும் சீடன் நாகலகம் வீதிப் பக்கம் இருக்கும் தன் குருவின் வீட்டுக்கு வந்தான். குரு ஓர் அச்சகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் புரூஃப் பார்த்தவர். ஞாயிறுகளில் மறைக்கல்வி வகுப்பும் எடுத்தவர். அந்தப் பகுதியில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்.

சீடன்: மாஸ்டர், நடக்கப்போவது யேசுவுக்கு முன்னமே தெரியும். வேதத்திலும் எழுதியிருந்தது. அப்படியென்றால் யூதாஸ் வேறு என்ன செய்திருக்க முடியும்? எழுதி வைத்தபடி நடந்தவனிடம் என்ன குற்றம்?

குரு: களனி ஆற்றின் நீர்மட்டம் பார்க்கிற அளவுகோல் எங்கள் நாகலகம் வீதியில்தானே இருக்கிறது. அடைமழை நாட்களில் ஊரே அதன் கணக்கைக் கேட்டுக்கொண்டிருக்கும். கோல் காட்டியதாலா ஆறு பெருகுகிறது?

சீடன்: இல்லை. மலைநாட்டில் பெய்த மழையால்.

குரு: அதேதான். அறிவது வேறு, ஆக்குவது வேறு. மழை யூதாசின் உள்ளே பெய்தது. எப்போது பெய்யத் தொடங்கியது என்று நான்கு நற்செய்தியாளரில் ஒருவராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. மத்தேயு காசைச் சொல்கிறார். லூக்காவும் அருளப்பரும் சாத்தானைச் சொல்கிறார்கள். மாற்கு காரணமே சொல்லவில்லை. எனக்கு மாற்குவைப் பிடிக்கும்.

சீடன்: ஆனால் கோலைப் பார்த்தவருக்கும் கடமை உண்டே. வெள்ளம் வருகிறது என்று தெரிந்தும் ஆற்றங்கரைச் சனத்துக்குச் சொல்லாதவர் குற்றவாளிதானே? 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்பை எப்படி மறப்பது, மாஸ்டர்? கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் இங்கிருந்து எத்தனை தூரம்? எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது. வாசித்தவர்கள் வாசித்துவிட்டு வைத்துவிட்டார்கள். அவர்கள் கடமை தவறினார்கள் என்று 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. முன்னாள் ஜனாதிபதி மட்டும் 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்றது. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது அவ்வளவு பெரிய குற்றமென்றால், யேசு?

குரு: நியாயமான கேள்வி. பயப்படாமல் கேட்டாய். யேசு சொல்லாமல் இருக்கவில்லை, தம்பி. பந்தியில் எல்லோரும் கேட்கச் சொன்னார், உங்களில் ஒருவன் என்று. பெயரை உரக்கச் சொல்லியிருந்தால் இராயப்பர் வாளை அங்கேயே உருவியிருப்பார். திரும்பி வர வழி விட்டுச் சொன்ன எச்சரிக்கை அது. அதற்கு முன்னால் எல்லோருடைய காலையும் கழுவியிருந்தார், யூதாசின் காலையும்தான். பிறகு அப்பத்துண்டைத் தோய்த்து அவன் கையில் கொடுத்தார். எங்கள் வீடுகளில் அப்படி யாருக்குக் கொடுப்போம்? பிள்ளைக்குக் கொடுப்போம், நோயாளிக்குக் கொடுப்போம். அந்தத் துண்டை வாங்கிக்கொண்டு அவன் வெளியே போனான். அப்போது இரவு என்று அருளப்பர் எழுதுகிறார்.

சீடன்: காசுக்காகத்தான் செய்தானா? 30 வெள்ளி அவ்வளவு பெரிய தொகையா?

குரு: விடுதலைப் பயண நூலில் ஒரு சட்டம் இருக்கிறது. ஒருவனுடைய மாடு இன்னொருவனின் அடிமையை முட்டிக் கொன்றால், அடிமையின் எசமானுக்கு 30 ஷெக்கேல் வெள்ளி கட்ட வேண்டும். செத்த அடிமையின் விலை அது. அந்தக் காசை ஷெக்கேல் என்று எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய 120 தெனாரியம், ஒரு கூலியாளின் நாலு மாதச் சம்பளம். அந்த வாரம்தான் பெத்தானியாவில் மரியாள் யேசுவின் பாதத்தில் நறுமணத் தைலம் பூசினாள். 300 தெனாரியத்துக்கு விற்றிருக்கலாமே என்று கணக்குச் சொன்னவன் யூதாஸ். பாதத்தில் ஊற்றிய தைலத்தின் பாதி விலைகூட இல்லாத காசுக்குப் பாதத்தின் சொந்தக்காரரைக் கொடுத்தான். காசு மட்டும் காரணமென்றால் இந்த வியாபாரம் செட்டியார் தெருவில் ஒருநாள் தாங்காது. உள்ளே வேறு ஏதோ முறிந்திருக்கிறது.

சீடன்: துரோகி என்ற ஒரு சொல்லில் எல்லாம் அடங்கிவிடுகிறது, இல்லையா?

குரு: அடங்கவில்லை. அந்தச் சொல்லைப் போட்டு மூடிவிடுகிறோம். நான் ஈய எழுத்துக் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவன். 1975 ஜூலை 27இல் யாழ்ப்பாண மேயர் துரையப்பாவைப் பொன்னாலைக் கோயிலடியில் சுட்டார்கள். துரோகி என்றுதான் சுட்டார்கள். அதற்குப் பிறகு அந்தச் சொல் என் மேசைக்கு வராத கிழமை குறைவு. அறிக்கையில் வரும், துண்டுப் பிரசுரத்தில் வரும், மின்கம்பத்தில் கட்டிய உடம்பின் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பற்றிய செய்தியில் வரும். எத்தனையோ சொற்களில் பிழை திருத்தினேன். துரோகியில் மட்டும் ஒருநாளும் எழுத்துப் பிழை கண்டதில்லை. கோப்பவர்களுக்குக் கை அவ்வளவு பழகிவிட்டது.

சீடன்: காட்டிக்கொடுப்பவர்கள் உண்மையிலேயே இருந்தார்களே, மாஸ்டர். சுற்றிவளைப்பில் முகத்தை மூடிக்கொண்டு நின்ற தலையாட்டிகள் இருந்தார்களே. அவர்கள் தலை ஆட்டிய பொடியன்களை ஏற்றிக்கொண்டு போனார்களே.

குரு: இருந்தார்கள். அதை மறுத்தால் போனவர்களுக்கு நாங்கள் இரண்டாம் முறை செய்கிற அநியாயம். காட்டிக்கொடுத்தல் என்ற எங்கள் சொல்லையே பார். காட்டுவதும் கொடுப்பதும் சேர்ந்த சொல். கிரேக்க மூலத்தில் கையளித்தல் என்ற பொருள் மட்டும்தான். அதே வினையைச் சின்னப்பர் எங்கே போடுகிறார் தெரியுமா? பிதா தம் மகனை எங்களுக்காகக் கையளித்தார் என்று எழுதும்போது. தமிழில் அந்த ஒற்றுமை தெரியாது. தமிழ் வேறொன்றைப் பிடித்துவிட்டது. கொடுப்பதற்கு முன் காட்ட வேண்டும், காட்டுவதற்கு முகம் தெரிந்திருக்க வேண்டும். அறியாதவன் கொல்லலாம், கொள்ளையடிக்கலாம், காட்டிக்கொடுக்க முடியாது. அந்த முத்தம்தான் தலையாட்டல். அதை வாங்கிக்கொண்டே யேசு அவனைத் தோழா என்றார். துரோகி என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

சீடன்: ஆனால் சபை அவனை விட்டுவைக்கவில்லையே. தாந்தே அவனை நரகத்தின் ஆகக் கீழ்த்தட்டில், சாத்தானின் வாய்க்குள் வைத்தார்.

குரு: தாந்தே கவிஞர். சபை ஆயிரக்கணக்கானவர்களைப் புனிதர் என்று அறிவித்தது, ஆனால் இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரைக்கூட அறிவித்ததில்லை, யூதாஸ் உட்பட. இதைவிடக் கொடியது இன்னொன்று நடந்தது. அவன் பெயரை வைத்து ஓர் இனத்தையே குற்றவாளி ஆக்கினார்கள். யேசு யூதர், இராயப்பர் யூதர், மரியாள் யூதப் பெண். காட்டிக்கொடுத்தவன் மட்டும் யூதன் போல நூற்றாண்டுக் கணக்காகப் பிரசங்கம் செய்தார்கள். சிலுவை மரணத்துக்கு எல்லா யூதரையும் பொறுப்பாக்கக் கூடாது என்று திருச்சங்கம் சொல்வதற்கு 1965 அக்டோபர் 28 வரை போனது. அது தூர தேசத்துக் கதை என்று நினைக்காதே. 2013 ஓகஸ்டில் எங்கள் கிராண்ட்பாஸில் பள்ளிவாசலைக் கல்லால் அடித்தார்கள். 2019இல் குண்டு வெடித்த பிறகு, எதிர்வீட்டு முஸ்லிம் பிள்ளை பள்ளிக்கூடம் போகப் பயந்தது. அந்தப் பிள்ளை யாரைக் காட்டிக்கொடுத்தது?

சீடன்: இராயப்பரும் தவறினார். மூன்று தரம் தெரியாது என்றார். அவர் கையில் திறப்பைக் கொடுத்தார்கள். யூதாஸ் கயிற்றில் தொங்கினான். ஏன் இந்த வித்தியாசம்? யூதாஸ் மனம் வருந்தவில்லையா?

குரு: வருந்தினான். மத்தேயுவைத் திறந்து பார். இராயப்பர் வெளியே போய் அழுதார், அவ்வளவுதான். யூதாஸ் அதைவிட அதிகம் செய்தான். காசைத் திருப்பிக் கொண்டுபோனான். பாவம் செய்தேன், குற்றமற்றவரின் இரத்தம் என்று வாய்விட்டுச் சொன்னான். மனம் வருந்துதல், அறிக்கையிடுதல், பரிகாரம் செய்தல் என்று நான் உனக்குச் சொல்லித் தந்த மூன்றும் அதில் இருக்கின்றன. அவன் போனது குருக்களிடம், பாவத்துக்குப் பரிகாரம் செய்வதே தொழிலாக இருந்தவர்களிடம். அது உன் பாடு, எங்களுக்கென்ன என்றார்கள். காசை மட்டும் எடுத்து, காணிக்கைப் பெட்டியில் போடலாமா கூடாதா என்று சட்டம் பார்த்தார்கள். கடைசியில் அந்நியரைப் புதைக்கக் குயவன் நிலத்தை வாங்கினார்கள்.

சீடன்: அப்படியென்றால் குற்றம் அந்தக் குருக்கள் மேல்?

குரு: அவர்களோடு நின்றுவிடாதே. மற்றப் பதினொரு பேரையும் பார். மூன்று வருடம் ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள். ஒருவராவது அவனைத் தேடிப் போனாரா?

சீடன்: நேரம் இருக்கவில்லையே. ஒரே இரவு. அவர்களே பயந்து ஓடினார்கள்.

குரு: உண்மை. அதனால்தான் நான் அவர்களைத் தீர்ப்பிடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நாற்பது ஐம்பது நாள் இருந்ததே. அப்போஸ்தலர் பணி நூலில் கூடிப் பேசுகிறார்கள். அவன் வயிறு வெடித்துச் செத்ததைச் சொல்கிறார்கள். சீட்டுப் போட்டு மத்தியாசைத் தெரிந்தெடுக்கிறார்கள். இடம் நிரம்பியது. அவனுக்காக ஒருவர் அழுததாக எழுதவில்லை. பிரான்சில் வெசலே என்ற ஊரில் 12ஆம் நூற்றாண்டுக் கோயில் ஒன்று இருக்கிறது. அதன் தூண் தலையில், யூதாஸ் நாக்கு வெளியே தள்ளத் தொங்குகிறான். அதே தூணின் மறுபக்கத்தில் ஒருவர் அவன் உடலை ஆட்டைப் போலத் தோளில் சுமந்து போகிறார். அவர் நல்ல ஆயன்தான் என்று பாப்பரசர் பிரான்சிஸ் திரும்பத் திரும்பச் சொன்னார், அதன் படத்தைத் தன் அறையிலும் வைத்திருந்தார். கல் கொத்தியவன் பெயர் ஒருவருக்கும் தெரியாது. பதினொருவர் செய்யாததை அவன் உளியால் செய்தான்.

(சீடன் நெடுநேரம் பேசவில்லை.)

சீடன்: மாஸ்டர், நான் யூதாசைப் பற்றி மட்டும் கேட்க வரவில்லை. என் சித்தப்பா…

குரு: தெரியும், தம்பி. வாசலில் உன் முகத்தைப் பார்த்தபோதே தெரியும்.

சீடன்: 2006இல் கொட்டாஞ்சேனை லொட்ஜில் பதிவுப் புத்தகம் அவர் கையில்தான் இருந்தது. இரவில் வந்தவர்களுக்குப் புத்தகத்தைத் திறந்து அறை இலக்கத்தைச் சொன்னார். இரண்டு பொடியன்கள். ஒருவன் வந்தான். மற்றவன் இன்றுவரை வரவில்லை. வீட்டில் சித்தப்பாவின் பெயரை எடுப்பதில்லை. இப்போது மட்டக்குளியில் ஒரு அறையில் தனியாக இருக்கிறார். சீனி வருத்தத்தில் ஒரு காலை எடுத்துவிட்டார்களாம். போகாதே என்கிறார் அம்மா. நான் போனால், அந்தப் பொடியனின் தாய்க்கு என்ன பதில் சொல்வேன்? மன்னித்துவிட்டேன் என்றா?

குரு: மன்னிக்க நீ யார்? நான் யார்? அது அந்தத் தாயின் உரிமை. அவர் மன்னிப்பைக் கொடுக்கத்தான் வேண்டும் என்று கேட்க ஒருவருக்கும் வாய் இல்லை. மன்னிப்பது வேறு, தேடிப் போவது வேறு. யேசு அப்பத்துண்டைக் கொடுத்தபோது யூதாசை மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அவனை விட்டுவிடவில்லை, அவ்வளவுதான். இன்னொன்றும் யோசி. அந்த இரவு வந்தவர்கள் யார், எந்த வாகனத்தில் வந்தார்கள், என்ன பாஷை பேசினார்கள் என்று சொல்லக்கூடிய ஆள் உன் சித்தப்பா. பதினெட்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. யாராவது போய் அவரிடம் கேட்டோமா? துரோகி என்றோம். அதோடு அந்தத் தாய்க்குக் கிடைக்க வேண்டிய கதையையும் சேர்த்துப் புதைத்தோம்.

சீடன்: கேட்டோமா என்கிறீர்கள். நீங்களும் போகவில்லையா, மாஸ்டர்?

குரு: அதைவிட மோசம். அவர் என்னிடம் வந்தார்.

சீடன்: எப்போது?

குரு: அடுத்த நாள் இரவே. இந்தக் கதவைத்தான் தட்டினார். சங்கிலியைக் கழற்றாமல் திறந்தேன். மாஸ்டர், நான் ஒரு காரியம் செய்துவிட்டேன் என்றார். வீட்டில் என் மகன் இருந்தான், இருபத்திரண்டு வயது, யாழ்ப்பாணத்து அடையாள அட்டை. எனக்குப் பயம். போ என்று சொல்லவில்லை. நாளைக்குப் பார்ப்போம், இப்போது நேரமாகிவிட்டது என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் படி இறங்கினார். குருக்கள் சொன்னதை நான் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பெரிய வாரமும் அந்த வாசகத்தைக் கேட்கிறேன். யூதாஸ் வருகிற இடத்தில் எல்லோரும் யூதாசைப் பார்ப்பார்கள். எனக்கு அந்தக் கதவுச் சங்கிலிதான் தெரியும்.

சீடன்: இத்தனை வருடமாகச் சொல்லவில்லையே.

குரு: யாரும் கேட்கவில்லை. நீ கேட்டாய். இரவில் அவர் என்ன சாப்பிடுவார்?

சீடன்: பக்கத்து வீட்டுக்காரர் பாண் வாங்கிக் கொடுப்பாராம். சில நாள் மறந்துவிடுவாராம்.

குரு: சந்திப் பேக்கரி ஒன்பது மணிக்குப் பூட்டிவிடும். அந்தக் குடையை எடு. என் செருப்பு கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.