பேரக்குழந்தையைப் பேணல்: கடமையா, கொடையா?

இல்லறத்தார் மேற்கொள்ளும் விரதங்களுக்கு ஓர் இலக்கணம் உண்டு. அறிந்து ஏற்றல், அளவு வகுத்தல், ஏற்றபின் சோர்வின்றிக் காத்தல் ஆகிய மூன்றும் அமைந்தால்தான் அது விரதம் ஆகும். அறியாமலும் அளவில்லாமலும் தலைமேல் வந்து விழுவது சுமையேயன்றி விரதமாகாது. பேரக்குழந்தையைப் பேணும் பொறுப்பு நம் முதியோர்க்கு இன்று விரதமாக வருகிறதா, சுமையாக வருகிறதா என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் பகுதிச் சிற்றூர்களில் நம்மவர் உழவுத்தொழில் புரிந்து வாழ்ந்த காலத்தில் குழந்தை ஒருவர் கையில் மட்டும் வளரவில்லை. பாட்டி, பெரியம்மா, அத்தை, அண்டை வீட்டார் எனப் பல கைகள் இருந்தன. இன்று மக்கள் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் பணிபுரிகின்றனர். 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் நிறுவனங்களில் பணிபுரியும் மகளிர்க்கு முதல் இரு பேறுகளுக்கும் மகப்பேற்று விடுப்பு 26 வாரங்களாக உயர்ந்தது. அதில் ஒரு பகுதி பேற்றுக்கு முன்பே கழிந்துவிட்டால், குழந்தைக்கு ஆறு மாதம் நிறையுமுன் தாய் பணிக்குத் திரும்ப நேர்கிறது. அப்போது ஊரிலிருந்து பாட்டன் பாட்டியர் அழைக்கப்படுகின்றனர். பல கைகள் செய்த பணியை, நகரத்து அடுக்ககத்தின் மூடிய கதவுக்குள், தளர்ந்த இருவர் செய்ய வேண்டியதாகிறது.

இளையோர் முதலில் உணர வேண்டியது ஒன்றுண்டு. களவு என்பது பூட்டை உடைத்துப் பொருள் எடுப்பது மட்டும் அன்று. கொடுக்கப்படாததைக் கொள்வது யாவும் களவே என்பது நம் ஆசாரியர்கள் கண்ட பொருள். பெற்றோரின் பகற்பொழுதும் உடல் உழைப்பும் அவர்கள் மனமுவந்து கொடுத்தாலன்றி நமக்கு உரியவை ஆகா. “அம்மா வீட்டில் சும்மாதானே இருக்கிறார்கள்” என்று சொல்லும்போது, ஜினாலய வழிபாடு, சுவாத்தியாயம், நிலம், சுற்றம் என்று அவர்களுக்கும் ஒரு வாழ்வு உண்டென்பதை மறந்துவிடுகிறோம். ஆதலின் கேட்டுப் பெறுவதே முறை. “இயலாது” என்று சொல்ல இடங்கொடுத்துக் கேட்பதே உண்மையில் கேட்பதாகும்.

அகிம்சை அணுவிரதத்திற்கு நேரும் ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் எண்ணிக் காட்டுகிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். மிகுபாரம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது வண்டிமாடு. ஓராண்டு நிறைந்த குழந்தை ஒன்பது, பத்துக் கிலோ எடை இருக்கும். முழங்கால் நோவுள்ள பாட்டி அக்குழந்தையை நாள்முழுதும் தூக்கி இறக்கி, இருவேளைச் சமையலும் பார்ப்பாராயின், அதுவும் மிகுபாரம் அன்றோ? மாட்டுக்கு இரங்கும் நெஞ்சம் தாய்க்கு இரங்க வேண்டாவா?

இதற்கு வழியும் நம் நூல்களிலேயே உள்ளது. சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம், வாழ்நாள் முழுமைக்கும் ஏற்பதை யமம் என்றும், கால எல்லை வகுத்து ஏற்பதை நியமம் என்றும் பிரிக்கிறது. பேரக்குழந்தையைப் பேணுதலை நியமமாகவே கொள்ளல் வேண்டும். எத்தனை மாதம், எந்த நாட்கள், எத்தனை மணிவரை, சமையல் யார் பொறுப்பு, மருத்துவமனைக்கும் ஊருக்கும் சென்றுவர எப்போது ஓய்வு என்பனவற்றை முன்கூட்டியே பேசி முடிவு செய்தல் நன்று. குழந்தையை ஒப்படைக்குமுன் ஓரிரு வாரம் தாயும் உடனிருந்து பழக்குதல் அதனினும் நன்று.

இனி, முதியோர் ஆயத்தம் பெற வேண்டியதைக் காண்போம். அன்பு இருந்தால் போதும் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் இம்சையின் வேர் பகை மட்டும் அன்று; பிரமாதம் எனப்படும் சோர்வும் அதன் வேர் என்று நம் அறம் கூறும். ஒரு சாண் உயர நீருள்ள வாளி, தவழும் குழந்தையின் உயிரைக் குடிக்கும். தாத்தாவின் இரத்த அழுத்த மாத்திரை, தலையணைக்கு அடியில் இருந்தாலும் குழந்தையின் கைக்கு எட்டும். முழு வேர்க்கடலை மூச்சுக்குழலை அடைக்கும். உறங்கும் மகவை மல்லாக்கக் கிடத்த வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் அன்றித் தண்ணீரும் வேண்டா. தேன் சிராவகர்க்கு என்றும் விலக்கு. ஓராண்டு நிறையாத மகவுக்கு அது நஞ்சாகலாம் என்று இன்றைய மருத்துவமும் விலக்குகிறது. சேனை வைத்தல் என்றோ, மருந்து என்றோ பிறர் சொல்லினும் அதனைத் தவிர்த்தல் வேண்டும்.

“நாங்கள் பிள்ளைகளை வளர்க்கவில்லையா?” என்று பெரியோர் கேட்பது இயல்பே. வளர்த்தார்கள், அதனை மறுப்பார் இல்லை. ஆயினும் 1971இல் நம் நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன; 2023இல் அத்தொகை 25 ஆகக் குறைந்தது. பிழைத்தவர்கள் பழைய முறைக்குச் சான்றாக நம்முன் நிற்கின்றனர். இறந்தவர்கள் சான்று கூற வருவதில்லை. தடுப்பூசியும் தூய நீரும் புதிய அறிவும் காத்த உயிர்கள் பல. கற்றுக்கொள்வது முதுமைக்கு இழுக்கன்று.

இராப்போசனம் நீத்த பெரியோர் சிலர், பொழுது சாய்ந்தபின் குழந்தைக்கு ஊட்டத் தயங்குவர். விரதம் என்பது அறிந்து ஏற்பது. அறியாத மகவுக்கு விரதம் இல்லை. பசித்தழும் குழந்தைக்கு உணவு மறுத்தலோ மேற்கூறிய ஐந்தாம் அதிசாரத்தின்பாற்படும். தம் நோன்பைத் தாம் காத்து, குழந்தைக்கு வேண்டியதைக் கொடுத்தலே அறம்.

இன்னும் ஒன்று. குழந்தை கட்டிலினின்று விழுந்தால், மகன் கடிந்துகொள்வான் என்றஞ்சி அதனை மறைத்தல் கூடாது. மருத்துவர்க்குத் தெரிய வேண்டியது மறைந்துபோகும். பெற்றோரும் அச்சமின்றி உண்மை சொல்லும்படி நடந்துகொள்ள வேண்டும். சினந்து பேசும் வீட்டில் வாய்மை தங்காது. “என் பேரன், நான் வளர்ப்பதுதான் முறை” என்னும் எண்ணமும் ஒருவகைப் பற்றே. பொருளுக்கு அளவு வகுக்கும் நாம், உறவில் எழும் ‘எனது’ என்பதற்கும் அளவு வகுத்தல் தகும்.

எனவே, பேணுதல் கடமையா, கொடையா? கேட்கும் இளையோர் அதனைக் கொடையென்றே கருதிக் கேட்க வேண்டும். மனமுவந்து ஏற்ற முதியோர், ஏற்ற கணம்முதல் அதனைக் கடமையெனக் கொண்டு சோர்வின்றிக் காக்க வேண்டும். இந்த வரிசை மாறி, இளையோர் கடமையென்று கேட்டு, முதியோர் கொடைதானே என்று அயர்ந்தால், இடையே துன்புறுவது வாய் பேசாத அக்குழந்தையே. அவ்வுயிரைக் காப்பது நம் இல்லறத்தின் முதல் அகிம்சை என்பதை இரு தலைமுறையினரும் நெஞ்சிற் கொள்வோமாக.