வரம்பும் நட்பும்

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குமேல் எங்கள் பங்கின் இளைஞர்களிடம் எந்த வேலையையும் ஒப்படைக்க இயலாது. ஞாயிறு திருப்பலிக்கு நாற்காலி அடுக்க வந்தவர்கள்கூடக் கைப்பேசியும் கையுமாகக் கோவில் படிக்கட்டில் அமர்ந்துவிடுவார்கள். மூன்றரை மணி கடந்தபின்தான் ஆள் கிடைக்கும். விசாரித்தபோது, அன்று மாலை இங்கிலாந்தில் தொடங்கவிருக்கும் கால்பந்து ஆட்டங்களுக்குத் தங்கள் அணியை முடிவுசெய்யும் கடைசி நேரம் அது என்றார்கள். காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு இங்கிலாந்து ஆட்டத்துக்கு அணி தேர்வதா என்று நான் சிரித்தேன். அவர்கள் சிரிக்கவில்லை. எட்டுப்பேராக இருந்தவர்கள் ஒன்பதாவதாக என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். அது 2022 ஆகஸ்டு மாதம்.

ஃபேன்டசி பிரீமியர் லீக் என்னும் அந்தக் கற்பனைக் கால்பந்தை அறியாதோருக்குச் சிறிது விளக்கம் தேவை. பங்கேற்கும் ஒவ்வொருவருக்கும் கற்பனைப் பணமாக 100 மில்லியன் பவுண்டு தரப்படுகிறது. இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியில் உண்மையாகவே ஆடும் வீரர்களிலிருந்து, அத்தொகைக்குள், பதினைந்து பேரை வாங்க வேண்டும்: கோல்காப்பாளர் இருவர், தற்காப்பாளர் ஐவர், நடுக்கள வீரர் ஐவர், முன்கள வீரர் மூவர். ஒரே கழகத்திலிருந்து மூவருக்குமேல் எடுக்கலாகாது. களத்தில் அவர்கள் செய்வதற்கேற்ப நமக்குப் புள்ளிகள் சேரும். முன்கள வீரரின் கோலுக்கு 4, தற்காப்பாளரின் கோலுக்கு 6, மஞ்சள் அட்டை வாங்கினால் ஒன்று குறையும். தலைவராக நாம் குறித்தவருக்கு இரட்டிப்பு. வாரந்தோறும் ஒருவரைத் தண்டமின்றி மாற்றிக்கொள்ளலாம். கையிருப்பில் உள்ள மாற்றங்களுக்குமேல் ஒவ்வொன்றுக்கும் 4 புள்ளி இழப்பு. இவ்வாறு 38 சுற்றுகள். நண்பர்கள் தமக்குள் தனிக் குழு அமைத்துக்கொள்ளலாம். எங்கள் குழுவில் பணம் இல்லை, பரிசும் இல்லை. ஆண்டிறுதியில் கடைசி இடம் பெற்றவர் எல்லாருக்கும் பிரியாணி வாங்கித்தர வேண்டும் என்ற வழக்கம் மட்டும் உண்டு. (முதல் ஆண்டில் வாங்கித்தந்தவன் நானே.)

இதன் உயிர்நிலை அந்த 100 என்னும் வரம்புதான். முகமது சலா 2024-25 பருவத் தொடக்கத்தில் 12.5 மில்லியன். அப்பருவத்தில் அவர் ஈட்டித்தந்த 344 புள்ளிகள் இவ்விளையாட்டில் ஒரு பருவத்துக்கான சாதனை. அவரை எடுத்தவர் வேறு எங்கோ சிக்கனம் பிடித்தே தீரவேண்டும். நான்கு மில்லியன் கோல்காப்பாளரை மாற்றுக்கு வைத்துக்கொண்டு, அவர் களமிறங்கும் நாள் வராதிருக்க வேண்டும் என்று நம்பிக்கொள்ள வேண்டும். ஆசைப்பட்ட யாவரையும் எவராலும் வாங்க முடியாது. வேடிக்கை என்னவெனில், அந்த உண்மையான பிரீமியர் லீக்கில் எல்லாக் கழகங்களுக்கும் பொதுவாக இப்படி ஒரே உச்சவரம்பு கிடையாது. செல்வம் மிக்க கழகம் நிறையச் செலவிடும். அதன் நிழலாகிய விளையாட்டுக்கே சமநீதி கிட்டியிருக்கிறது!

எங்கள் ஊருக்கு இக்கணக்கு புதிதன்று. நெசவாளருக்குப் பட்டும் சரிகையும் நிறுத்தே தரப்படுகின்றன; நெய்து முடித்த சேலையும் நிறுத்தே வாங்கப்படுகிறது. அளந்த நூலுக்குள்தான் கரையும் உடலும் முந்தியும் அமைய வேண்டும். தரப்பட்ட எடை ஒன்றே ஆயினும், இரு தறிகளில் இறங்கும் சேலைகள் ஒன்றாக இருப்பதில்லை. எங்கள் குழுவில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் மூவர். வரம்புக்குள் அணி அமைப்பதில் அம்மூவருமே என்னைவிடத் தேர்ந்தவர்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இனி இதன் அறச்சிக்கலுக்கு வருவோம். 1980-இல் நியூயார்க்கின் ஓர் உணவகத்தில் கூடிய நண்பர்கள் பேஸ்பால் ஆட்டத்துக்காக இத்தகைய விளையாட்டொன்றை வகுத்தார்கள். ஏலம் கேட்டு வீரர்களை எடுக்கும் அந்த முறையில், ஒருவர் எடுத்த வீரர் மற்றவருக்கு இல்லை. எங்கள் விளையாட்டிலோ ஒன்பது பேரும் சலாவை வைத்துக்கொள்ளலாம். நான் எடுத்ததால் உனக்கு இல்லாமற் போவதில்லை. ஆகவே பொறாமைக்கு இதில் இடமிராது என்றே எண்ணியிருந்தேன். உண்மை நேர்மாறானது. எல்லாரிடமும் இருக்கும் வீரர் கோல் அடித்தால் எவருக்கும் முன்னேற்றம் இல்லை. நம்மிடம் இல்லாமல் பிறரிடம் இருப்பவர் கோல் அடித்தால் நமக்குச் சரிவு. எனவே, நம் வீரர் சிறக்க வேண்டும் என்பதைவிட, பிறர் வீரர் சிறக்கலாகாது என்ற ஏக்கமே நெஞ்சில் முந்துகிறது.

இரண்டாம் ஆண்டில் ஒரு சனிக்கிழமை இரவு. விலை மிகுந்த ஒரு முன்கள வீரர் ஏனைய எட்டுப்பேரிடமும் இருந்தார். சிக்கனம் கருதி நான் மட்டும் எடுக்கவில்லை. தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபதாம் நிமிடத்துக்குள் அவர் தொடையைப் பிடித்துக்கொண்டு புல்தரையில் அமர்ந்தார். என்னையறியாமல் முழங்காலில் ஓங்கித் தட்டினேன், மகிழ்ச்சியால். சமையற்கட்டிலிருந்து எட்டிப்பார்த்த உபதேசியார், "என்ன ஃபாதர், கோலா?" என்றார். என்னிடம் விடை இல்லை. மறுநாள் காலைத் திருப்பலியில் ஒருவருக்கொருவர் அமைதியைத் தெரிவிக்க அழைத்தபோது, சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியேறிய அந்த இளைஞனின் தோற்றம் என் கண்முன் நின்றது.

விளையாட்டுத்தானே என்று கடந்துவிடலாம். பிறர் துன்பத்தில் மகிழ்வதைப் பொறாமையின் பிள்ளைகளுள் ஒன்றாகப் பெரிய கிரகோரியார் எண்ணினார். புனித தோமா அக்குவினாவும் அதை ஏற்றார். அதே அக்குவினாதான் விளையாட்டுக்கு ஆதரவாகவும் வாதிட்டவர். பூந்தமல்லிக் குருமடத்தில் அவரது 'சும்மா'வைச் சும்மா படித்துக் கடந்த எங்களுக்கு அப்பகுதி மட்டும் மறவாமல் நின்றது. யோவானின் வில் கதையை அவர் எடுத்தாள்கிறார்: திருத்தூதர் தம் சீடரோடு விளையாடக் கண்டு இடறல்பட்டவர்களுள் ஒருவரிடம் வில் இருந்தது. அம்பை மீண்டும் மீண்டும் எய்யச் சொன்ன யோவான், ஓயாமல் இப்படியே எய்ய முடியுமா என்று வினவினார். வில் முறிந்துவிடும் என்றார் அவர். ஓய்வறியாத மனமும் அப்படியே முறியும் என்றார் யோவான். விளையாட்டை முற்றிலும் வெறுப்பதுகூடக் குறையே என்பார் அக்குவினா. ஆயினும் பிறர்க்குத் தீங்கானவற்றில் இன்பம் தேடலாகாது என்பது அவர் இட்ட முதல் நிபந்தனை. என் முழங்கால் தட்டலால் எவருக்கும் தீங்கு நேரவில்லை என்பது மெய். ஆட்டம் பொய்யாக இருக்கலாம். ஆட்டத்தில் எழும் உணர்ச்சி பொய்யன்று என்பதும் மெய்.

அப்படியானால் விலகியிருக்க வேண்டாமா? அம்முடிவுக்கு வரவிடாமல் தடுத்தது எங்கள் குழுவில் நான் கண்ட வேறொரு வழக்கம். நூறு எல்லாருக்கும் சமம், நேரம் சமமன்று. குழுவில் ஒருவர் ஒரகடம் தொழிற்சாலையில் இரவுப்பணி பார்ப்பவர். சனிக்கிழமை மூன்றரைக்கு அவர் உறக்கத்தில் இருப்பார். யாருக்குக் காயம், யார் தடைபட்டார் என்ற செய்தி எதுவும் அவருக்கு எட்டாது. கல்லூரிப் பிள்ளைகளோ அதையே நாள்முழுதும் ஆய்பவர்கள். அவரை எழுப்பாமல் விட்டால் அவர்களுக்கே ஆதாயம். ஆயினும் மூன்று மணிக்கு அவர்களில் ஒருவர் தவறாமல் அவரை அழைக்கிறார்: "அண்ணே, உங்க ஆளு ரெண்டு பேரு இன்னிக்கு இல்ல, மாத்திட்டுத் தூங்குங்க." எந்த விதியும் இதைக் கேட்பதில்லை. எதிரியை எழுப்பிவிட்டு அவனோடு போட்டியிடும் இந்த வழக்கத்தை நான் வேறெங்கும் அதிகம் கண்டதில்லை.

இதே வரம்பைக் கடைபிடித்துப் பணத்துக்கு ஆடும் கிரிக்கெட் செயலிகள் நம் நாட்டில் பெருகின. அங்கும் 100 என்னும் அலகுக்குள் பதினொருவரைத் தேர வேண்டும். பார்வைக்கு அதே விளையாட்டு. இது திறனா, அதிர்ஷ்டமா என்று நீதிமன்றங்கள் நெடுங்காலம் ஆராய்ந்தன. குதிரைப் பந்தயம் திறன் சார்ந்தது என்று தமிழ்நாட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. கற்பனை விளையாட்டும் அவ்வாறே என்று 2017-இல் பஞ்சாப்-அரியானா உயர் நீதிமன்றம் கூறியது. திறன் தேவை என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் எனக்குப் பட்ட வினா வேறு. வரம்பு அங்கே யார்மேல் இருக்கிறது? அணிக்கு 100 என்ற வரம்பு உண்டு. ஆடுகிறவருக்கோ இல்லை. ஒருவரே ஒரு போட்டியில் பல அணிகளை இறக்கலாம், ஒவ்வொன்றுக்கும் பணம் கட்டி. பணம் உள்ளவர் பலமுறை வலை வீசுகிறார். இல்லாதவர் கடன் வாங்கி வீசுகிறார். எதிரியின் முகமும் தெரியாது. அங்கே யார் யாரை மூன்று மணிக்கு எழுப்புவார்?

எங்கள் குழுவின் நெசவாளர் மகன் ஒருவர் அவ்வழியே சென்றார். இது ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதன்று. பங்கு இல்லத் திண்ணையில் அவரே சொன்னது, எழுதவும் இசைந்தார். நாற்பத்தொன்பது ரூபாயில் தொடங்கியது. தந்தை தறிக்கு வாங்கிய முன்பணத்தில் கைவைப்பதில் முடிந்தது. சூதாட்டமும் பந்தயமும் தம்மளவில் நீதிக்கு முரணல்ல, தனக்கோ பிறர்க்கோ வாழத் தேவையானதைப் பறிக்கும்போது ஏற்கத்தகாதவை ஆகின்றன என்கிறது கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி. பாவு போடாமல் இரு வாரம் வெறுமையாகக் கிடந்த அத்தறியைப் பார்த்தபின் அந்த வரிக்கு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது. நிறுவனங்கள் அம்மாதமே கட்டணப் போட்டிகளை நிறுத்தின. சட்டம் கதவை அடைத்தது நன்று. அவர் கடன் அதனால் குறையவில்லை. அதை அவர் தறியில் அமர்ந்தே அடைத்து வருகிறார்.

அந்த ஆகஸ்டிலேயே எங்கள் குழுவின் புதிய பருவமும் தொடங்கியது. அவரைச் சேர்ப்பதா என்று தயங்கினோம். குடித்துத் திருந்தியவனை மோர்ப்பந்தலுக்கும் அழைக்காமல் இருப்பதா என்று ஒருவர் கேட்டார். வேறொருவர், ஆசை மீண்டும் கிளம்பினால் யார் பொறுப்பு என்றார். இரண்டிலும் நியாயம் இருந்தது. என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. தந்தையிடமே கேட்கச் சொன்னேன். "உங்ககூட ஆடுறதுன்னா ஆடட்டும் ஃபாதர்; தனியா ஆடக்கூடாது" என்றார் அவர்.

சில வாரங்கள் சென்றன. ஒரு சனிக்கிழமை மதியம் அடக்கச் சடங்கு முடித்துக் களைத்து வந்து கண்ணயர்ந்துவிட்டேன். பட்டியலில் நான் ஆறாம் இடம், அவர் ஏழாம் இடம், நான்கு புள்ளி வேறுபாடு. மூன்றேகால் மணிக்குக் கைப்பேசி ஒலித்தது. பின்னணியில் தறியின் ஓசை கேட்டது.

"ஃபாதர், உங்க தற்காப்பு ஆளுக்குக் கால்ல அடி. இன்னும் கால் மணி நேரம் இருக்கு. மாத்திடுங்க."