பழி வேறு, பொறுப்பு வேறு

2015 அக்டோபர் 30 அதிகாலையில், மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர் கோவன் திருச்சியில் கைது செய்யப்பட்டார். டாஸ்மாக்கை மூடச் சொல்லி, அன்றைய முதல்வர் ஜெயலலிதாவை விமர்சித்துப் பாடியதற்காகத் தேசத்துரோக வழக்கு. 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை முழுக்க அரசின் கையில். அவர் பாடியது கடைக்காரரைப் பற்றி, கடைக்காரரே அரசு.

கைதின் அரசியல் நிறையப் பேசப்பட்டுவிட்டது. அந்தப் பாட்டு குடிப்பவரின் வீட்டுக்கு என்ன செய்தது? திருச்சியோ, பாலம் தாண்டி ஸ்ரீரங்கமோ, ரோட்டில் விழுந்து கிடப்பவரைத் தூக்கி வருகிறவர்கள் மனைவியிடம்தான் சொல்வார்கள்: "கொஞ்சம் பாத்துக்கக் கூடாதாம்மா?" குடித்தது ஒருவர், பதில் சொல்வது இன்னொருவர். கோவன் அந்தக் கேள்வியைக் கடை வாசலுக்கு எடுத்துப்போனார். வீட்டுக்குள் மறைத்து வைத்த அவமானம் தெருவில் பொதுப் பிரச்சினையாக ஒலித்தது.

சரி, பழியை அரசின் மேல் போட்டால் குடிப்பவர் தப்பிச்சிட மாட்டாரா?

சாஃப்ட்வேர் வேலையில் சர்வர் விழுந்தால் ஒரு கூட்டம் போடுவோம். யாரையும் குற்றம் சொல்லக் கூடாது என்பது விதி. ஆனால் முடியும்போது சரிசெய்ய வேண்டிய ஒவ்வொரு வேலைக்கும் நேராக ஒரு பெயர் இருக்கும். பழி இல்லாமலும் பொறுப்பு இருக்க முடியும்.

கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980இல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். அங்கே குடி ஒரு நோய். சிகிச்சையில் குடும்பத்துக்கும் இடம் உண்டு. நோய் என்றதும் பழி விலகுகிறது. ஆனால் மாத்திரை போட வேண்டியது சர்க்கரை நோயாளிதானே? சிகிச்சைக்கு வருவது குடிப்பவரின் பொறுப்பு. விற்றுச் சம்பாதிக்கும் அரசுக்கு அந்தச் சிகிச்சையை எல்லோருக்கும் எட்டும்படி வைக்கும் பொறுப்பு.

மனைவிக்கு? தன்னையும் பிள்ளைகளையும் காப்பாற்றிக்கொள்வது. அவ்வளவுதான். ஆபீசுக்கு போன் போட்டு "அவருக்குக் காய்ச்சல்" என்று பொய் சொல்வதும், கடனை அடைப்பதும் அவள் கடமையில்லை. செய்தால் அது அன்பு, நிறுத்தினால் துரோகமில்லை. தாங்க முடியாமல் வீட்டை விட்டுக் கிளம்பினாலும்தான்.

கடையை மூடுவது அரசின் முடிவு. "நீ பாத்துக்கக் கூடாதா?" என்று அவளைக் கேட்பதை நிறுத்த நமக்கு எந்த அரசாணையும் வேண்டாம்.