படியை வைத்தவர் யார்?



ஊனமுற்ற ஒருவரைக் கண்டால், "அது ஆண்டவர் கொடுத்த சிலுவை" என்று சொல்லி இரங்குவது நமக்குப் பழகிப்போன பேச்சு. ஆனால், அவர் சக்கர நாற்காலியில் வந்து கோவில் வாசலோடு நின்றுவிடுகிறாரே, அந்தப் படியையும் ஆண்டவரா கொடுத்தார்? கால் போனது சிலுவையாயிருக்கலாம். படியை வைத்தது நம்மிடம் கூலி வாங்கிய மேசன்.

மயிலிட்டியை நினைத்தே இதை எழுதுகிறேன். 1990இல் இடம்பெயர்ந்த அம்மக்களுக்கு, அவ்வூர்த் துறைமுகமும் அதையடுத்த காணிகளும் 2017 யூலையில்தான் விடுவிக்கப்பட்டன. இளைஞராய்ப் போனவர்கள் முதியவர்களாய்த் திரும்பினார்கள். அத்திவாரம் வெட்டிய நாளில், கிணற்றடி எப்படி இருக்க வேண்டும், மலகூடக் கதவு எவ்வளவு அகலம் வேண்டும் என்று அவர்களில் எத்தனை பேரிடம் கேட்டோம்?

பாவனைப் பொருட்களை வடிவமைப்பதை இன்று பட்டப்படிப்பாகவே கற்பிக்கிறார்கள். நம் நாட்டில் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்திலும் அது உண்டு. எல்லாருக்கும் உதவும்படி வடிவமைக்கப் பழக்குவதற்கு உலகெங்கும் ஆசிரியர்கள் கையாளும் முறைகளில் ஒன்று, மாணவனின் கண்ணைக் கட்டி நடக்கவிடுவது. நல்ல எண்ணந்தான். ஆயினும் ஒரு மணி நேரம் கண்ணைக் கட்டியவன் பயத்தைப் படிக்கிறான். முப்பது வருடம் பார்வையின்றிக் குடும்பம் நடத்தியவரின் சாமர்த்தியத்தைப் படிப்பதில்லை. இரக்கம் வரும், மரியாதை வராது.

ஜெய்ப்பூரில் நடந்ததைப் பாருங்கள். மேல்நாட்டுச் செயற்கைக் கால், சப்பாத்துப் போட்டுக் கதிரையில் இருப்பவனுக்காகச் செய்யப்பட்டது. சம்மணமிட்டுச் சாப்பிடுகிறவனும், வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவனும் அதை வீட்டு மூலையில் சாத்திவிட்டு ஊன்றுகோலுக்கே திரும்பினார்கள். டொக்டர் பி. கே. சேத்தி அவர்களில் குறை காணவில்லை. காலிலேதான் குறை கண்டார். அதிகம் படிக்காத கைவினைஞர் ராம் சந்திர சர்மாவோடு சேர்ந்து, 1960களின் பிற்பகுதியில், குந்தவும் சம்மணமிடவும் சேற்றில் நடக்கவும் ஏற்ற றப்பர்ப் பாதத்தை உருவாக்கினார். 1981இல் சேத்திக்கு மக்சேசே விருது கிடைத்தது. (சர்மாவின் பெயரை இன்றும் பலர் அறியார். இதுவும் உலக வழக்கம்.) அந்தப் பாதம் யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. போரிலே கால் இழந்த நம்மவர்கள் அதிலே நடந்தார்கள்.

"ஏழை நாட்டுக்கு இதெல்லாம் கட்டுமா?" என்று கேட்பீர்கள். அந்தப் பாதம் மலிவானது என்பதை மறக்க வேண்டாம். அத்திவாரத்தோடு சேர்த்துப் போடும் சாய்தளத்துக்கு அதிகம் செலவாகாது. கட்டி முடித்தபின் உடைப்பதற்குத்தான் செலவு. பொதுக் கட்டடங்களைப் பொறுத்தவரை 2006இலேயே இதற்கு விதிகள் வந்துவிட்டன.

கப்பர்நாகூமிலே, திமிர்வாதக்காரனைத் தூக்கி வந்த நால்வருக்கும் வாசலில் இடம் கிடைக்கவில்லை, கூரையைப் பிரித்தார்கள். கூரையைப் பிரித்ததற்காக ஆண்டவர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. குருமடத்தில் இப்பகுதியைப் படித்தபோது பாவமன்னிப்பைப் பற்றி நெடுநேரம் வாதித்தோம். வாசலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, நானுந்தான்.

உங்கள் பங்கில் அடுத்த முறை கட்டட வரைபடம் மேசைக்கு வரும்போது, ஊன்றுகோலோடு பூசைக்கு வரும் அந்த அண்ணரையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். கூட்டம் மேல்மாடியில் என்றால், அன்றைக்குக் கீழே வையுங்கள்.