மோகமும் சுரப்பு நீரும்

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தின் அருகே குரங்குக் குடும்பமொன்று கல்லில் அமர்ந்திருக்கிறது. தாய் குட்டிக்குப் பாலூட்ட, ஆண்குரங்கு தாயின் தலையில் பேன் பார்க்கிறது. அப்பாறைச் சிற்பம் சகர குமாரர் வரலாறென மயிலை சீனி. வேங்கடசாமி எழுதியதை நம்மவர் அறிவர். அவ்வழக்கில் நாம் இங்குப் புகவில்லை. உடன் வந்திருந்த செங்கற்பட்டு உறவினர் வீட்டுப் பிள்ளை, மருத்துவம் பயில்பவன், அக்குரங்குகளைச் சுட்டி, "பெரியப்பா, இந்த அன்பெல்லாம் ஆக்சிடோசின் தானே? இதற்கு மோகனீய வினை எதற்கு?" என்றான்.

அவன் சொன்னதில் பிழையில்லை. குட்டி பால் குடிக்கையில் தாயின் உடலில் அச்சுரப்பு எழுகிறது. 2005-இல் வெளியான ஆய்வொன்றில், புதிதாகக் காதல் வயப்பட்ட 17 பேருக்குத் தம் அன்பரின் படத்தைக் காட்டி மூளையைப் படம்பிடித்தனர். டோபமின் சுரக்கும் நடுமூளைப் பகுதி கிளர்ச்சியுற்றது. 1999-இல் இத்தாலிய ஆய்வாளர் மராசிட்டி குழுவினர் ஆராய்ந்த 20 காதலரிடம், செரோட்டோனின் சார்ந்த அளவொன்று, ஒரே எண்ணத்தால் அலைக்கழியும் மனநோயாளரிடம் காணும் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. ஓராண்டுக்குப் பின் மீண்டும் பார்த்தவர்களிடம் அது இயல்புக்குத் திரும்பியிருந்தது.

இவை கேட்டுப் பிற சமயத்தார் திடுக்கிடலாம். நாம் திடுக்கிட வேண்டுவதில்லை. வினையே புத்கலம், அதாவது சடப்பொருள் என்பது நம் ஆகமம். ஆண்மை வேட்கை, பெண்மை வேட்கை, இருபால் வேட்கை ஆகிய மூன்று வேதங்களையும் சாரித்திர மோகனீயத்தின் ஒன்பது நோகஷாயங்களில் வைத்து எண்ணினர் நம் ஆசிரியர். சுரப்பு நீரே வினையெனச் சொல்லத் துணியேன். வினையணுக்கள் கருவிக்கு எட்டா நுண்மையன. ஆயினும் சடம் உயிரை மயக்கும் என்பதில் இரு சாராருக்கும் பிணக்கில்லை. சடம் நிமித்தம், இசைவது உயிர்.

இதற்குச் சான்று மாட்டுத் தொழுவத்திலேயே உள்ளது. கன்றிழந்த பசுவுக்கும் ஆக்சிடோசின் ஊசியிட்டால் பால் இறங்குகிறது. 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம், பால் பெருக்கவென உடல்நலத்துக்குக் கேடான ஊசியிடுவதைக் குற்றமெனக் கொள்கிறது. அவ்வூசியோ இன்னும் ஒழியவில்லை. நம் வீட்டுப் பால் எவ்வாறு கறக்கப்பட்டதென விசாரிப்போர் எத்தனை பேர்? அங்கே சுரப்பும் உண்டு, பாலும் உண்டு. கன்றைத் தேடும் அன்பு அவ்வூசியில் இல்லை.

இல்லறத்தார்க்கு இது வெறும் நூலாராய்ச்சியன்று. தொடக்கத் துடிப்புத் தணிந்ததும் மணமே பொய்த்ததென மனமுறிவு தேடும் இளையோரை நம் குடும்பங்களிலும் காண்கிறோம். தணிந்தது சுரப்பு. தன் துணையளவில் நிறைவுறும் அணுவிரதம் சுரப்பை நம்பி ஏற்றதன்று. எண்மரை மணந்த சீவகனுக்கும் துறவுணர்வு தந்தது ஒரு குரங்கிணைதான்: கடுவன் மந்திக்கு அளித்த பலாக்கனியைக் காவலன் பறித்த காட்சி.

பிள்ளை விடவில்லை. "மருந்தால் வேட்கையை அடக்கிவிட்டால் அது விரதமாகுமா?" என்றான். காய்ச்சலில் பசியற்றுக் கிடப்பவனை உபவாசி என்போமா என்றேன். "காய்ச்சல் தானாக வருவது, மருந்தை நானே விரும்பி உண்டால்?" என்றான். வினா நன்று. செங்கற்பட்டு வரையில் அதையே பேசிக்கொண்டு வந்தோம்.